பள்ளிக்குத் தெரிந்த சாதி முதல் தகவல் அறிக்கைக்கு ஏன் தெரிவதில்லை?

ராஜஸ்தான் மாநிலம் கங்காபூரில், பள்ளி மாணவி ஒருவரிடம் ஆசிரியர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக 2022 ஜனவரியில் அவருடைய தந்தை காவல் நிலையத்தில் புகார் அளித்தார். மாணவி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். எனவே போக்சோ சட்டப் பிரிவுகளோடு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்த்து வழக்கு பதிவானது. ஒரு மாதம்கூட முடியவில்லை. இரு தரப்புக்கும் சமரசம் ஏற்பட்டுவிட்டது என்ற காரணத்தை ஏற்று, பிப்ரவரியிலேயே ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. வழக்கில் தரப்பினர் அல்லாதவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகே, 2024 நவம்பர் 7 அன்று வழக்குக்கு மீண்டும் உயிர் கிடைத்தது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை இருவருக்கிடையேயான தனிப்பட்ட தகராறாகக் கருதிச் சமரசத்தின் பேரில் முடித்துவைக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அது எழுப்பும் கேள்வியைக் கடந்துசெல்ல முடியாது. வெளியாட்கள் எவரும் உச்ச நீதிமன்றம் வரை செல்லாதிருந்தால் அந்த வழக்கு என்னவாகியிருக்கும்? சட்டப் புத்தகத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அப்பாதுகாப்பு பள்ளி வாசலுக்கும் காவல் நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவில் கரைந்துபோகிறது. அது கரையும் இடங்களை அடையாளம் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். குறிப்பாக, பாதிக்கப்பட்டவர் தலித் அல்லது பழங்குடிக் குழந்தையாக இருக்கும்போது எந்தெந்தச் சட்டங்கள் பொருந்தும், அவை ஏன் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன என்பதை விளக்க முற்படுகிறோம்.

போக்சோ சட்டம் பள்ளியைப் பற்றிச் சொல்வது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவே சுருக்கமாகப் போக்சோ எனப்படுகிறது. 18 வயது நிறையாத அனைவரும் இச்சட்டத்தின் பார்வையில் குழந்தைகள். ஆண், பெண் வேறுபாடு இதில் இல்லை.

கல்வி நிறுவனத்தை இச்சட்டம் தனியாகக் கவனத்தில் கொண்டிருக்கிறது. ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்நிறுவனத்தின் குழந்தைமீது புரியும் குற்றம், சாதாரணக் குற்றமாக அன்றிக் கடுமையாக்கப்பட்ட குற்றமாகவே கொள்ளப்படும். பிரிவு 5(எஃப்) பாலியல் வன்புணர்வையும், பிரிவு 9(எஃப்) உடலைத் தொடுதல் முதலான பாலியல் தாக்குதலையும் இவ்வகையில் குறிப்பிடுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முன்னதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டுகள். உச்சமாக மரண தண்டனையும் விதிக்கலாம். பின்னதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. ஆசிரியர் மட்டுமல்லர், தாளாளர், அலுவலக ஊழியர், காவலாளி ஆகியோரும் இதில் அடங்குவர்.

இக்கடுமைக்குக் காரணம் உண்டு. மதிப்பெண், தேர்ச்சி, நன்னடத்தைச் சான்று, மாற்றுச் சான்றிதழ் என ஒரு குழந்தையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் காகிதங்கள் யாவும் பள்ளியின் கையில் இருக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொடும் பிள்ளைக்கு அக்காகிதங்களின் மதிப்பு இன்னும் கூடுதல். ‘படிப்பு போய்விடும்’ என்ற ஒற்றை அச்சம் போதும், அக்குழந்தையின் வாயை அடைப்பதற்கு.

தலைமையாசிரியரின் கடமை எது?

பள்ளிகளில் இத்தகைய புகார் எழுந்தவுடன் வழக்கமாக நடப்பது என்ன? நிர்வாகம் ‘உள் விசாரணை’ நடத்துகிறது. ஆசிரியரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்குகிறது, அல்லது அவரை வேறு பள்ளிக்கு இடம் மாற்றக் கோருகிறது. பெற்றோரை அழைத்துப் பெண்ணின் பெயர் கெட்டுவிடும் என்று அறிவுரை கூறுகிறது. இவற்றில் எதுவும் சட்டம் விதித்த கடமையாகாது.

சட்டம் விதிப்பது ஒன்றே. குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என்று ஐயுறுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தரவேண்டும் என்கிறது பிரிவு 19. புகார் உண்மையா என்று ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை அது பள்ளிக்கு வழங்கவில்லை. தகவல் தராதவருக்கு ஆறு மாதங்கள் வரை சிறை. தம் கட்டுப்பாட்டில் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால், பிரிவு 21(2)இன்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் அளித்தவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று பிரிவு 19(7) பாதுகாப்பும் தருகிறது.

2021 நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது, அவர் முன்பு பயின்ற பள்ளியின் ஆசிரியர் கைது செய்யப்பட்டார். புகாரை அறிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அப்பள்ளியின் முதல்வரும் கைதானார். மௌனமும் குற்றமே என்பதைத் தமிழகம் பரவலாக அறிந்துகொண்டது அப்போதுதான். அதற்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டம் ராஜூராவில், பள்ளி விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த மருத்துவர், விவரம் அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை என்று வழக்கு பதிவாகியது. உயர் நீதிமன்றம் அவர்மீதான வழக்கை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைத் தள்ளுபடி செய்து, அறிந்திருந்தும் தகவல் தராமை கடுங்குற்றம் என்றும், அது பெரும்பாலும் குற்றவாளியைக் காக்கும் முயற்சியே என்றும் கருத்துரைத்தது. விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கு இத்தீர்ப்பு மிக முக்கியமானது. பெற்றோர் தொலைவில் இருக்கிறார்கள். காப்பாளர், சமையலர், மருத்துவர் ஆகியோரே அக்குழந்தைகளின் உலகம். அவர்கள் ஒவ்வொருவர் தோளிலும் பிரிவு 19 சுமத்தும் கடமை இருக்கிறது.

இரண்டாவது சட்டம்

பாதிக்கப்பட்ட குழந்தை பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராகவும், குற்றம் சாட்டப்பட்டவர் அவ்விரு பிரிவுகளையும் சேராதவராகவும் இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். இங்குதான் வழக்குகள் முதலில் தடுமாறுகின்றன. ‘இது பாலியல் குற்றம், இதில் சாதி எங்கே வந்தது?’ என்று காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். ஆதிக்க சாதிக் குழந்தைக்கும் இது நடந்திருக்கலாம் அல்லவா என்றும் வாதிடுகிறார்கள்.

இவ்வாதத்துக்கு ஒரு காலத்தில் சட்டத்திலேயே இடம் இருந்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று பிரிவு 3(2)(வி) முன்பு கூறியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் அதை மாற்றிவிட்டது. அவர் பட்டியல் சாதியினர் என்று ‘அறிந்து’ குற்றம் புரிந்திருந்தாலே இப்போது போதுமானது. சாதிவெறிதான் குற்றத்துக்குத் தூண்டுதல் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

இம்மாற்றத்தின் எடையை 2021 ஏப்ரல் 27 அன்று வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் காணலாம். ஆந்திரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற தலித் இளம்பெண் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளான வழக்கு அது. சாதி, பாலினம், உடற்குறை ஆகிய ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே பிரித்துக் காரணமாகக் காட்டுமாறு பாதிக்கப்பட்டவரைக் கேட்கலாகாது என்று நீதிமன்றம் விரிவாக எழுதியது. எனினும் குற்றம் திருத்தத்துக்கு முந்தைய காலத்தது. ஆகவே வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனை நிலைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்ட தண்டனை நிலைக்கவில்லை. பழைய சொற்றொடர் எவ்வளவு பெரிய சுவராக நின்றது என்பதற்கு இதுவே சான்று.

இன்று தேவைப்படுவது ‘அறிந்திருந்தார்’ என்பதற்கான ஆதாரம் மட்டுமே. அந்த ஆதாரம் பள்ளியைவிட வெளிப்படையாக வேறெங்கும் கிடைக்காது. சேர்க்கைப் பதிவேட்டில் குழந்தையின் சாதி எழுதப்பட்டிருக்கிறது. எமிஸ் இணையத்தளத்தில் அது பதிவேறியிருக்கிறது. கல்வி உதவித்தொகைப் பட்டியலைத் தயாரிப்பவர்களே ஆசிரியர்கள்தாம். ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இதைத் தேடவே வேண்டியதில்லை. இதற்கும் மேலாக, குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவரையோ அவருடைய குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் எனில், சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8(சி). அறியவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. தம் வகுப்பு மாணவியை நேரில் அறியாத ஆசிரியர் யார்?

சாதியைக் குறித்துவைத்துக்கொள்வதில் பள்ளிக்கு ஒரு நாளும் தடுமாற்றம் இருந்ததில்லை. அக்குறிப்பு குழந்தையின் பாதுகாப்புக்குப் பயன்பட வேண்டிய ஒரே நாளில், முதல் தகவல் அறிக்கையில் அது காணாமற்போகிறது.

விடுபட்ட பிரிவின் விலை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் முதல் நாளிலேயே சேர்க்கப்படாவிட்டால் என்ன இழப்பு? தண்டனை எப்படியும் போக்சோவில் இருக்கிறதே என்று சில வழக்கறிஞர்களும் கேட்பதுண்டு. இழப்புகள் பல.

முதலாவது, முன்ஜாமீன். போக்சோ வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் முன்ஜாமீன் கோரலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 18 அதைத் தடுக்கிறது. ஊரில் செல்வாக்குள்ள ஆசிரியரோ தாளாளரோ வெளியே நடமாடும்போதுதான் சமரசப் பேச்சு குழந்தையின் வீட்டு வாசலுக்கு வருகிறது.

இரண்டாவது, விசாரணை அதிகாரி. வன்கொடுமை வழக்கைக் காவல் துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதிகளின் 7ஆம் விதி. பிரிவுகளைத் தாமதமாகச் சேர்த்தால், அதற்கு முன்பு ஆய்வாளர் நடத்திய விசாரணையை எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கும்.

மூன்றாவது, நிவாரணம். வன்புணர்வு வழக்கில் 5 லட்சம் ரூபாயும், பிரிவு 3(1)(டபிள்யூ)இன்கீழ் வரும் பாலியல் தொடுகை, சைகை, சொல் ஆகியவற்றுக்கு 2 லட்சம் ரூபாயும் நிவாரணமாக 2016ஆம் ஆண்டின் திருத்த விதிகள் நிர்ணயித்துள்ளன. வன்புணர்வு வழக்கில் மருத்துவப் பரிசோதனை அறிக்கை கிடைத்ததும் பாதித் தொகை வழங்கப்பட வேண்டும். ஏழு நாட்களுக்குள் நிவாரணத்துக்கு ஏற்பாடு செய்வது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. இதற்குத் தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை. தினக்கூலியை இழந்து நீதிமன்றத்துக்கு அலையும் பெற்றோர் சமரசத்துக்கு இணங்காமல் நிற்பதற்கு இப்பணம் ஓர் ஊன்றுகோல்.

நான்காவது, வழக்கில் குடும்பத்தின் குரல். ஜாமீன் மனு உள்ளிட்ட ஒவ்வொரு கட்டத்திலும் முன்னறிவிப்புப் பெறவும், தம் தரப்பை எடுத்துரைக்கவும் பிரிவு 15ஏ பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமை தருகிறது.

இங்கு ஒரு நுட்பத்தையும் செயற்பாட்டாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பிரிவு 3(2)(வி), பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க ‘இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களை’யே குறிப்பிடுகிறது, போக்சோ குற்றங்களை அன்று. எனவே முதல் தகவல் அறிக்கையில் போக்சோ பிரிவுகள் மட்டும் இருந்தால், ஆயுள் தண்டனைக்குரிய இப்பிரிவைச் சேர்ப்பது சிக்கலாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. அதன் பிரிவு 64(2) ஆசிரியர் புரியும் வன்புணர்வைத் தனியே குறிப்பிடுகிறது. பிரிவு 65 பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியர்மீதான வன்புணர்வைப் பற்றியது. பொருந்தும் இடங்களில் இவையும் சேர்ந்தே பதிவாக வேண்டும்.

சிறுவர்களின் நிலை இன்னும் மோசம். போக்சோ அவர்களைக் காக்கிறது. ஆனால் பிரிவு 3(1)(டபிள்யூ) பெண்களை மட்டுமே குறிப்பிடுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவுக்கு நிகரான பிரிவு புதிய சன்ஹிதாவில் இல்லை. ஆகவே பாலியல் வன்கொடுமைக்கு ஆளான தலித் சிறுவனுக்கு இரண்டாவது சட்டத்தின் கதவு ஏறத்தாழ மூடியே கிடக்கிறது. போக்சோ குற்றங்களையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வெளிப்படையாகக் கொண்டுவரும் திருத்தம் தேவை என்று நாம் கோருகிறோம்.

தண்டனையைக் கூட்டினால் போதுமா?

ஒவ்வொரு கொடூரமும் செய்தியாகும்போது, தண்டனையைக் கடுமையாக்கு என்ற முழக்கம் எழுகிறது. 2019இல் மரண தண்டனையே சட்டத்தில் சேர்ந்துவிட்டது. புகாரே பதிவாகாத இடத்தில் எந்தத் தண்டனையும் குற்றவாளியைத் தொடாது. குற்றவாளி தூக்குமேடை ஏறக்கூடும் என்ற எண்ணம், சக ஆசிரியரையும் உறவினரையும் முன்னைவிட இறுக்கமாக வாய்மூடச் செய்யவும் கூடும்.

இதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பதின்பருவத்தினர் சாதி கடந்து காதலிக்கையில், பெண்ணின் குடும்பத்தார் தலித் இளைஞர்மீது போக்சோ புகாரைக் கருவியாக்குவதைக் களத்தில் இருப்போர் அறிவர். பதின்பருவக் காதல் வழக்குகளில் இச்சட்டம் பயன்படுத்தப்படும் விதம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றமும் 2019, 2021 ஆண்டுகளின் தீர்ப்புகளில் கவலை தெரிவித்தது. இதனால் சட்டமே வேண்டாம் என்பது நம் நிலைப்பாடு அன்று. ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையிலான அதிகார உறவையும், ஏறத்தாழ ஒத்த வயதினரின் நட்பையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு. சட்டம் யாருக்கு எதிராக விரைகிறது, யாருக்கு முன்னால் தயங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியது நம் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

புகார் எழுந்த முதல் நாளிலேயே வழக்கின் போக்கு பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எனவே குடும்பத்தோடு நிற்பவர்கள் சிலவற்றை உடனே செய்ய வேண்டும். எழுத்துமூலமான புகாரில் குழந்தையின் சாதியையும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அது தெரியும் என்பதையும், எப்படித் தெரியும் என்பதையும் குறிப்பிடுங்கள். சேர்க்கைப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை விசாரணை அதிகாரி கைப்பற்றுமாறு கோருங்கள். முதல் தகவல் அறிக்கைக்கு முன்பு பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று பிரிவு 18ஏ கூறுவதை எடுத்துக்காட்டுங்கள். உரிய பிரிவுகளில் வழக்கு பதிவதும், அதன் நகலை உடனே வழங்குவதும் காவல் அதிகாரியின் கடமை. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அதிகாரி அதை வேண்டுமென்றே புறக்கணித்தால், நிர்வாக விசாரணையின் பரிந்துரைப்படி அவர்மீதே பிரிவு 4இன்கீழ் வழக்குத் தொடுக்கலாம்.

குழந்தையின் வாக்குமூலத்தை அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அதிகாரி பதிய வேண்டும். இயன்றவரை அவர் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் செல்ல வேண்டும். அக்குழு மூலம் குழந்தைக்கு ஓர் ஆதரவு நபரைக் கேட்டுப் பெறலாம். சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கோரவும் வழியுண்டு. குழந்தையோ பெற்றோரோ காவல் நிலையம் செல்ல அஞ்சினால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலிருந்தே தொடங்கலாம்.

எழுதுவோரும் போராடுவோரும் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. குழந்தையின் பெயர், படம், முகவரி மட்டுமன்றி, குடும்பம், பள்ளி, ஊர் என அடையாளத்தை வெளிப்படுத்தும் எந்த விவரத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதைப் பிரிவு 23 தடை செய்கிறது. இறந்துவிட்ட குழந்தைக்கும் இத்தடை பொருந்தும் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. நீதி கேட்கும் சுவரொட்டியில் குழந்தையின் முகத்தை அச்சிடுவது, நம் சினத்தின் பெயரால் அக்குடும்பத்துக்கு நாமே இழைக்கும் தீங்கு.

வழக்குகளுக்கு அப்பாலும் வேலை இருக்கிறது. பணியாளர் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறைச் சரிபார்ப்பு நடக்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள். உங்கள் பகுதிப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் அது நடந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிகண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். பள்ளிகளில் நிகழும் பாலியல் குற்ற வழக்குகளில் எத்தனை வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளோடு பதிவாகின, எத்தனைக்கு நிவாரணம் சென்றது என்ற கணக்கை அங்கே கேளுங்கள். கல்லூரி மாணவர்கள் தாம் படித்த பள்ளிகளுக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ள பிள்ளைகளிடம் இச்சட்டங்களை எளிய மொழியில் எடுத்துச் சொல்லலாம்.

கங்காபூர் வழக்கை மீட்டவர்கள் அந்தக் குடும்பத்தினர் அல்லர். தம் வீட்டுப் பிள்ளைக்கு நேராத கொடுமைக்காக நீதிமன்றப் படியேறியவர்கள். ஒரு குடும்பம் சமரசத்தில் கையெழுத்திட்டுவிட்டது என்று கேள்விப்படும்போது அவர்களைப் பழித்துவிட்டு நகர்வது எளிது. அந்தக் கையெழுத்துக்கு முந்தைய நாட்களில் அவர்களுடைய வாசலில் நம்மில் எத்தனை பேர் நின்றோம் என்பதையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.